ஆறாத வாய்ப்புண்: கண்ணாடி முன்னால் தொடங்கி சிகிச்சைக்குப் பிறகு வரை ஒரு முழு வழிகாட்டி

எங்கள் சித்தப்பாவுக்கு முதலில் வந்தது வலது கன்னத்தின் உட்புறம் ஒரு சின்னப் புண். "வயித்துச் சூடு" என்றார்கள். சித்தி மணத்தக்காளிக் கீரையை நாலு விதமாகச் சமைத்தார். மருந்துக் கடையில் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் வாங்கினோம். பெரிதாக வலி இல்லாததால் யாரும் பதறவில்லை. இப்படியே ஐந்து மாதம் போனது. புண்ணிலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட், புற்று என்று கைக்கு வந்த அன்று மாலை அதே வீட்டில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நாளைக்கே ஆபரேஷன் என்றார் ஒருவர், கத்தியே படக் கூடாது என்றார் இன்னொருவர், மலையடிவாரத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்றார் மூன்றாமவர்.

ஓட வேண்டிய ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்து யோசிக்க வேண்டிய ஒரு வாரத்தில் திசைக்கு ஒருவராக ஓடினோம். வாய்ப்புற்றில் எங்கே உண்மையிலேயே அவசரம், எங்கே நிதானம் போதும் என்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, கூடவே அலைந்தவன். மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

படி 1: ஆபத்து யாருக்கு என்று தெரிந்துகொள்வது

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட வாய்ப்புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் வீட்டு விசேஷத் தட்டிலும் பெட்டிக்கடைச் சரத்திலும் அது தொங்குகிறது.

மேலை நாடுகளில் வாய்ப்புற்று அதிகம் வருவது நாக்கிலும் நாக்குக்கு அடியிலும். நம் ஊரில் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறு ஓரத்திலும் நிறைய வருகிறது. வெற்றிலையையோ புகையிலையையோ எந்தப் பக்கம் அடக்கிக்கொள்கிறோமோ, பெரும்பாலும் அந்தப் பக்கம். சித்தப்பாவுக்கும் வலது பக்கம் அடக்குகிற பழக்கம்தான். முப்பது வருடப் பழக்கம்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலைப் பாக்குதான்" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும், ஏன், தனிப் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் என்று 2004இல் முதல் வகையில் வைத்துவிட்டது. சிக்கல் இலையில் இல்லை, பாக்கில்தான். கல்யாணத்தில் ஒரு நாள் தாம்பூலம் போடுவதை நான் சொல்லவில்லை. தினமும் நாலைந்து தடவை, சாப்பிட்ட பிறகெல்லாம் சீவலை மெல்லுகிற பழக்கத்தைச் சொல்கிறேன்.

குட்கா, ஹான்ஸ், உதட்டுக்கடியில் வைக்கிற கூல் லிப் எல்லாம் இதே கணக்குதான். புகையிலை கலந்த குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை உண்டு. ஆனாலும் எங்கே கிடைக்கும் என்று பள்ளிக்கூடப் பையனுக்கே தெரிகிறது. பீடி, சிகரெட்டும் காரணம், மதுவும் காரணம். புகையிலையும் மதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உடைந்த பல்லின் கூர்முனையோ சரியாகப் பொருந்தாத பல்செட்டோ ஒரே இடத்தில் வருடக்கணக்கில் உரசிக்கொண்டிருந்தால் அதையும் பல் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது நல்லது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் சில சமயம் வருகிறது. அதனால் "எனக்கு ஏன் வரப் போகிறது" என்று யாரும் அடுத்த படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

படி 2: கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்

கருவி எதுவும் இல்லாமல் நாமே பார்க்கக்கூடிய புற்று இது. வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ எட்டிப் பார்க்க முடியாது, வாய்க்குள் முடியும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005இல் முடிவுகள் வந்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களில் இப்படிச் சோதிக்கப்பட்டவர்களிடம் வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மாதம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில், போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். உதட்டை மேலும் கீழும் மடித்துப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து உட்புறத்தையும், கன்னமும் ஈறும் சேர்கிற பள்ளத்தையும் பாருங்கள். அடக்கி வைக்கிற இடம் அந்தப் பள்ளம்தான். நாக்கை நீட்டி, நுனியைத் துணியால் பிடித்து இடமும் வலமும் திருப்பி ஓரங்களைப் பாருங்கள். அப்புறம் நாக்கை மேலே மடக்கி அடிப்பகுதியையும், தலையைச் சாய்த்து மேல் அண்ணத்தையும். கடைசியில் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவி, புதிதாக நெறி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்ன தேடுகிறோம்? ஆறாத புண். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம். வெல்வெட் துணி போன்ற சிவப்புப் படலம். இது வெள்ளையைவிட அரிது, ஆனால் ஆபத்து அதிகம். கெட்டியான தடிப்பு. காரணமில்லாமல் ஆடுகிற பல். விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதுவலி, குரல் அல்லது பேச்சில் மாற்றம்.

இன்னொன்று உண்டு. உங்கள் சொந்தக் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்த்தோல் மெல்ல மெல்ல நாராகி இறுகும். முதலில் குழம்புக் காரம் தாங்காது, பிறகு கன்னம் வெளிறும், பிறகு வாய் திறப்பது குறையும். பஜ்ஜியைப் பிட்டுச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று நினைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். இறுகிய தோல் பழையபடி திரும்புவது கடினம். ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் கெடுவதைத் தடுக்கலாம். இதுவும் புற்றுக்கு முந்தைய நிலைகளில் ஒன்று.

சரி, எத்தனை நாள் பொறுப்பது? சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டினால் காட்டியே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்பது ஒரு ஆறுதலும் இல்லை. வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, நம்மை ஏமாற்றுவதே அதுதான். காலண்டரில் புண்ணைப் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். மனக்கணக்கில் ஐந்து மாதம்கூட "போன மாசம்தானே" என்று தோன்றும், எங்களுக்குத் தோன்றியது.

காட்டுவதற்குப் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். பக்கத்துப் பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், அரசு ஆரம்ப சுகாதார நிலையம் எது அருகில் இருக்கிறதோ அது. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கும் அரசுச் சுகாதார நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கிற திட்டம் இருக்கிறது. கேட்டால் செய்வார்கள்.

படி 3: பழக்கத்தை விடுவது

இதை வாய் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும். நோய் வந்த பிறகும் செய்தே ஆக வேண்டும். "வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன ஆகப் போகிறது" என்பது தவறான கணக்கு. தொடர்ந்து போடுகிறவர்களுக்குக் கதிர்வீச்சு குறைவாக வேலை செய்கிறது, காயம் ஆற நாளாகிறது, வாயின் இன்னொரு இடத்தில் புதிதாக இன்னொரு புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நிறுத்திய முதல் மூன்று நாள்தான் மோசம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, யாரைப் பார்த்தாலும் கோபம். மூன்று நாலு வாரத்தில் பெருமளவு தணிந்துவிடும். ஒரு உந்துதல் வந்தால் அது சில நிமிடங்களில் கடந்துபோகும். அந்த நேரத்துக்கு வாயில் ஏலக்காயோ சோம்போ காய்ந்த நெல்லிக்காயோ போட்டுக்கொள்ளலாம். "புகையிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டும்" என்கிற சமரசம் வேண்டாம், பாக்குக்கே அடிமையாக்கும் குணம் உண்டு. நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, பிறகு கன்ன ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். வாயில் ஏற்கெனவே புண் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356, இலவசம்.

வீட்டில் இருக்கிறவர்கள் திட்டுவதால் யாரும் விட்டதாக நான் பார்த்ததில்லை. ஒளித்துவைத்துப் போடக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 4: பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

"கத்தி வெச்சா பரவிடும்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரின் மாதங்களைத் தின்றிருக்கிறது என்று எண்ண முடியாது. புண்ணின் ஓரத்திலிருந்து, மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதையை எடுப்பார்கள். சில நிமிட வேலை. அதனால் புற்று பரவுவதில்லை. பயாப்சி செய்த பிறகு நோய் வளர்ந்ததாகத் தெரிகிற வீடுகளில், பயாப்சிக்கு முன்பே மாதக்கணக்கில் வளர்ந்திருக்கும், அல்லது ரிப்போர்ட்டை வாங்கிவிட்டுச் சிகிச்சைக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்தால் மெல்லிய ஊசியால் அதிலிருந்தும் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள்.

பயாப்சி இல்லாமல் யாரும் புற்றுக்குச் சிகிச்சை தொடங்கக் கூடாது. அதேபோல, அது இல்லாமல் "இது புற்று இல்லை" என்று யாரும் அடித்துச் சொல்வதையும் நம்பாதீர்கள்.

படி 5: ரிப்போர்ட்டில் இருப்பதைப் புரிந்துகொள்வது

வாய்ப்புற்றில் பெரும்பான்மை "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா" என்ற வகை. வாயின் உள்தோல் செல்களில் தொடங்குவது என்று பொருள். அதற்கு முன்னால் "வெல் டிஃபரன்ஷியேட்டட்" என்பது போல ஒரு அடைமொழி இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் "வெல்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்காம்" என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அது கிரேடு. புற்றுச் செல் பார்வைக்கு எவ்வளவு தூரம் இயல்பான செல்லைப் போல இருக்கிறது என்பதைச் சொல்வது. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். இரண்டும் வேறு வேறு, ஸ்டேஜ் பயாப்சித் துண்டிலிருந்து தெரியாது.

ஸ்டேஜுக்கு மூன்று கேள்விகள். கட்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம்? கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா? உடம்பின் வேறு பாகத்துக்குப் போயிருக்கிறதா? 2 சென்டிமீட்டருக்குள், 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்து, நெறியில் இல்லையென்றால் முதல் ஸ்டேஜ். ஆழத்தையும் கணக்கில் எடுப்பது கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றம். பார்க்கச் சிறிய புண்ணாக இருந்தாலும் ஆழமாக இறங்கியிருந்தால் கழுத்துக்குப் போகும் வாய்ப்பு அதிகம். இதற்காகத்தான் ஸ்கேன். கன்னம், ஈறு, தாடை எலும்பு என்றால் பொதுவாக சிடி. நாக்கு என்றால் எம்ஆர்ஐ. பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது, யாராவது எழுதிக்கொடுத்தால் எதற்காக என்று கேட்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாய்ப்புற்றில் நாலாவது ஸ்டேஜுக்குள்ளேயே ஏ, பி, சி என்று பிரிவுகள் உண்டு. தாடை எலும்பைத் தொட்டிருந்தாலோ, கழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நெறியில் இருந்தாலோ 4ஏ ஆகிவிடும். 4ஏ-வுக்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள். சித்தப்பாவுக்கு எழுதியிருந்தது அதுதான். "ஃபோர்த் ஸ்டேஜ்" என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் வீட்டில் பாதிப் பேர் கையைக் கழுவத் தயாரானார்கள். சினிமா பார்த்துப் பழகிய மனசு. நாலு என்று கேட்டால் அதோடு நிறுத்தாமல், "ஏ-வா, பி-யா, சி-யா? குணப்படுத்தும் சிகிச்சையா, வலியைக் குறைக்கும் சிகிச்சையா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

படி 6: ரிப்போர்ட் வந்த முதல் பத்து நாள்

இங்கே நிதானம் வேண்டும். இத்தனை மாதம் வளர்ந்த கட்டி ஒரு வாரத்தில் தலைகீழாக மாறிவிடாது. இரண்டாவது கருத்துக் கேட்க அந்த ஒரு வாரம் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு இடம், மிஞ்சினால் இரண்டு இடம். ஐந்து ஊர், ஐந்து மருத்துவமனை என்று சுற்றினால் அது மூன்று மாதமாகிவிடும்.

எங்கே போவது? அறுவை, கதிர்வீச்சு, கீமோ (புற்றுச் செல்லை அழிக்கும் மருந்து தருவது) மூன்று துறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற, மூன்று துறையினரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற இடமாகப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் சாந்தா அதற்கே வாழ்நாளைக் கொடுத்த இடம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969இல் அண்ணாவைக் கொண்டுபோனதும் புற்றுதான், உணவுக்குழாயில். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், தெற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் எல்லாம் உண்டு. ஆறு வாரம் தினமும் போய்வர வேண்டியிருக்கலாம் என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது இடத்துக்குப் போகும்போது வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. பயாப்சி செய்த இடத்தில் கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு), சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருவார்கள், கையெழுத்துதான் கேட்பார்கள். ஸ்கேன் படத்தைக் குறுந்தகட்டில் வாங்குங்கள். எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். ஃபைலைச் சுமக்க வீட்டில் ஒருவர், ஒருவர் மட்டும், பொறுப்பேற்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தாள் வைத்திருந்ததால், ஒரே ரத்தப் பரிசோதனையை மூன்று தடவை எடுத்தோம்.

பணத்துக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். கார்டு இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சேரும்போதே கார்டைக் காட்டிவிட வேண்டும். பணம் கட்டிச் சிகிச்சை முடித்த பிறகு நீட்டினால் பெரும்பாலும் பயன் இருக்காது. சிகிச்சைக்கு ரயிலில் போகிற புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான படிவத்தைக் கேளுங்கள். நகையை அடகு வைப்பது இவையெல்லாம் பார்த்த பிறகுதான்.

அப்புறம், நோயாளியிடம் சொல்வது. "அவருக்குத் தெரிய வேணாம் டாக்டர்" என்று வராந்தாவில் கிசுகிசுப்பது நம் வழக்கம். நாங்களும் நாலு நாள் மறைத்தோம். ஐந்தாம் நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எல்லாரும் என்னை இப்பவே தூக்கிட்டுப் போன மாதிரி பாக்குறீங்களே, கேன்சர்தானே?" என்றார். அவர் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரிடமே விசாரித்துவிட்டிருந்தார். தெரியாமல் இருக்க வழியே இல்லை, தனியாகத் தெரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் அவர் நம்புகிற ஒருவர், அவசரமில்லாத ஒரு நேரத்தில், "புண்ணில் புற்று இருக்கிறதாம், இதற்குச் சிகிச்சை இருக்கிறது, என்னென்ன தெரிய வேண்டும்?" என்று தொடங்கலாம். அவர் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும். தாடையில் பாதியை எடுக்கப் போகிறார்கள் என்பதை அறுவைக்கு முந்தைய நாள் நர்ஸிடமிருந்து தெரிந்துகொள்ளும் நிலைக்கு யாரையும் விடக் கூடாது.

படி 7: அறுவை சிகிச்சை

வேறு சில புற்றுகளில் முதலில் கீமோ தருவார்கள். வாய்ப்புற்றில், எடுக்க முடிகிற நிலை என்றால், முதலில் அறுவைதான். கட்டியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையும் சேர்த்து எடுப்பார்கள். கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுப்பார்கள். "கழுத்துல ஒண்ணுமே இல்லையே, அங்க ஏன் வெட்டணும்?" என்று எல்லோரும் கேட்கிற கேள்விக்கு மும்பை டாடா மருத்துவமனை பதில் கண்டிருக்கிறது. தொடக்க நிலை வாய்ப்புற்றில் கழுத்தை முதலிலேயே சுத்தம் செய்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி கட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். 2015இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கச் சிகிச்சை முறையில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

எடுத்த இடத்தை மூட நெஞ்சுத் தசையையோ, முன்கைத் தோலையோ, தாடை எலும்பு போயிருந்தால் கீழ்க்காலின் மெல்லிய எலும்பையோ எடுத்து வைத்துத் தைப்பார்கள். கீழ்க்காலில் இரண்டு எலும்புகளில் மெல்லியதை எடுத்தாலும் நடக்க முடியும். ஒன்றிரண்டு வாரம் மூக்கு வழி ட்யூபில்தான் சாப்பாடு. முகம் வீங்கியிருக்கும், பேச்சு குழறும். ஒரு சிலேட்டோ நோட்டோ கொண்டுபோங்கள். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டு, வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

எடுத்த சதையைச் சோதித்த முழு ரிப்போர்ட் பத்து நாளில் வரும். அதில்தான் உண்மையான ஸ்டேஜ் தெரியும், மேற்கொண்டு கதிர்வீச்சு தேவையா என்பதும்.

படி 8: கரண்ட் வைப்பது

கதிர்வீச்சுச் சிகிச்சையை ஊரில் எல்லோரும் சொல்வது இப்படித்தான். அதனால் ஷாக் அடிக்குமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. மின்சாரம் எதுவும் உடம்பில் பாயாது. கதிர்வீச்சு எக்ஸ்ரே மாதிரிதான், வீரியம் அதிகம். முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்து, அதை மாட்டி அசையாமல் படுக்க வைப்பார்கள். வலிக்காது. வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம், மொத்தம் 30 தடவைக்குப் பக்கம். சிலருக்கு இதோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோவும் ஏற்றுவார்கள்.

அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் இது தொடங்கிவிட வேண்டும். இங்கேதான் நிஜமான அவசரம். "கொஞ்சம் உடம்பு தேறட்டும்", "பொங்கல் முடியட்டும்" என்று தள்ளினால், மிச்சமிருக்கும் செல்கள் நமக்காகக் காத்திருக்காது. தொடங்கிய பிறகும் நடுவில் நாள் விடக் கூடாது.

தொடங்கும் முன்பு பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் முன்பே பிடுங்கி, இரண்டு வாரம் ஆற விட்டுத்தான் கதிர்வீச்சு. அதற்குப் பிறகு தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் வாழ்நாள் முழுக்க உண்டு.

மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோகும். எச்சில் கெட்டியாகும், சுவை தெரியாது, தண்ணீர்கூட எரியும். இதைத் தாங்க முடியாமல்தான் நிறையப் பேர் பாதியில் நிறுத்துகிறார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை உப்பும் சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளிக்கலாம். கடையில் விற்கிற காரமான மவுத்வாஷ் வேண்டாம். வலி மருந்தை வலி வந்த பிறகு சாப்பிடாமல், எழுதிக்கொடுத்த நேரப்படி சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொப்பளிக்கத் தருவார்கள், கேளுங்கள்.

சாப்பாட்டில் நம் வீடுகள் செய்கிற தவறு, ரசத்தையும் கஞ்சித் தண்ணீரையும் ஊற்றுவது. வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. கேழ்வரகுக் கூழில் பால், வேகவைத்த முட்டையை மசித்துக் குழைந்த சாதத்தில், நெய்விட்ட பருப்பு, வாழைப்பழ மில்க்‌ஷேக், கடலைமாவுக் கஞ்சி என்று கனமாகக் கொடுங்கள். காரமும் புளியும் வேண்டாம். வாரா வாரம் எடை பாருங்கள். வேகமாகக் குறைந்தால் ட்யூப் வைக்கச் சொல்வார்கள். சித்தப்பா அதைத் தோல்வியாக நினைத்து ஒரு வாரம் அடம்பிடித்தார். ட்யூப் வைத்த பிறகுதான் கால் ஊன்றி நடந்தார்.

கழுத்துத் தோலில் பவுடர், சந்தனம், பிளேடு எதுவும் படக் கூடாது. கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. ரத்த வெள்ளணு குறைந்திருக்கும்போது சாதாரணத் தொற்றே உயிரைக் குடித்துவிடும். காது இரைச்சல், சிறுநீர் குறைவு இவற்றையும் உடனே சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. இதனாலேயே, நாட்டு மருந்து, லேகியம், பச்சிலை எதையும் இந்த நாட்களில் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் கொண்டுவந்து தருகிற உறவினரிடம் "கரண்ட் முடியட்டும்" என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். சண்டையும் மிச்சம்.

படி 9: வாயைத் திறந்தே வைத்திருப்பது

இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை. அறுவையும் கதிர்வீச்சும் தாடைத் தசையை இறுக்கிவிடும். ஐஸ் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைத்து, தாங்குகிற மட்டும் பிடித்து, எடுத்து, மீண்டும் வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை, கதிர்வீச்சு நடக்கும்போதே. எத்தனை குச்சி நுழைகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். சித்தப்பா பதினொன்றில் தொடங்கி, நடுவில் சோம்பி எட்டுக்கு வந்து, மறுபடி பதிமூன்று வரை ஏறினார். ஒரு மாதம் விட்டால் திரும்பப் பிடிக்க நாலு மாதம் ஆகிறது.

படி 10: மனசு

முகம் மாறிவிட்ட மனிதர் விசேஷத்துக்குப் போக மாட்டார், கண்ணாடியைத் திருப்பி வைப்பார், எச்சில் ஒழுகுவதால் யார் முன்னாலும் சாப்பிட மாட்டார். புற்று தொற்று நோய் இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த டம்ளர் செய்கிற காயம் ஆறுவதில்லை. "தைரியமா இருங்க" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைவிட, டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர் பெரிய உதவி. "நான் பாரமா இருக்கேன்", "இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் சமாதானம் சொல்லி மூடிவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும். பார்த்துக்கொள்கிறவருக்கும் அதே எண்தான். சித்தி ஆறு மாதத்தில் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை, அதை நாங்கள் கேட்டது ஏழாவது மாதத்தில்.

குணப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டால், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. மார்ஃபின் மாத்திரை புற்றுவலிக்கு நல்ல மருந்து. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சேவை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

படி 11: முடிந்த பிறகு

திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அதனால் முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு இடைவெளி கூட்டி, ஐந்து வருடம் வரை தொடர்ந்து போக வேண்டும். கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒரு தடவை தைராய்டு ரத்தப் பரிசோதனை. சுவை சில மாதங்களில் திரும்பும். வாய் வறட்சி சிலருக்குக் கடைசிவரை இருக்கும், தண்ணீர் பாட்டில் கூடவே போகும்.

அந்த வீட்டில் மற்றவர்களின் வாயையும் பார்க்க வேண்டும். சித்தப்பாவின் வெற்றிலைப் பெட்டியில் கை போடாதவர் யார்? நாங்கள் அதை யோசித்ததே இரண்டாவது செக்கப்பின்போதுதான். மருத்துவர் சித்தியைப் பார்த்து, "நீங்க போடுவீங்களாம்மா?" என்றார். "எப்பவாவதுங்க" என்றார் சித்தி. இடது கன்னத்தில் ஐந்து ரூபாய்க் காசளவு வெள்ளைப் படலம். அன்றைக்கே பயாப்சி எடுத்தார்கள், புற்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இப்போது இருவரும் ஒரே பஸ்ஸில் செக்கப்புக்குப் போகிறார்கள். பெட்டியில் சித்தி பொத்தான்களும் ஊசி நூலும் வைத்திருக்கிறார்.